சொத்து எண் முந்நூற்றுப் பதினேழு

விமானம் கிளம்பும்போது கம்பெனி உயிரோடுதான் இருந்தது. இறங்கும்போது இல்லை. நடுவானில் எந்த மேகத்துக்குப் பக்கத்தில் அதற்கு மூச்சு நின்றது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் சுண்டு தக்காளிச் சாறு குடித்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது.

சுண்டுவுக்குப் பதினாலு வயது. அம்மா ஓர் ஊர், அப்பா ஓர் ஊர். இரண்டு ஊருக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரும், ஒரு மலைத்தொடரும், ஒரே ஒரு விமான கம்பெனியும் இருந்தன. ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி சுண்டு அப்பாவிடம் பறப்பாள். ஞாயிறு மாலை அம்மாவிடம் திரும்புவாள். நாலு வருஷமாக இதே பாடு. கோட்டு போட்ட மேலாளர்களே வெள்ளி அட்டையோடு திரிந்தபோது ஒன்பதாம் வகுப்புச் சுண்டுவிடம் தங்க அட்டை இருந்தது. அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் புள்ளிகளுக்குக் கம்பெனி 'இறகு' என்று பெயர் வைத்திருந்தது. சுண்டுவிடம் நாற்பத்தோராயிரம் இறகுகள். நிஜப் பறவைக்குக்கூட அவ்வளவு கிடையாது. ஐம்பதாயிரம் சேர்ந்ததும் அம்மாவையும் அப்பாவையும் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாத ஒரு திட்டம் அவளுக்கு இருந்தது.

தனியாகப் பறக்கும் பிள்ளைகளுக்கென்று கம்பெனி ஒரு படிவம் வைத்திருந்தது. கிளம்பும் இடத்தில் அம்மா 'ஒப்படைத்தேன்' என்று கையெழுத்துப் போடுவாள். கம்பெனி 'பெற்றுக்கொண்டேன்' என்று போடும். இறங்கும் இடத்தில் கம்பெனி 'ஒப்படைத்தேன்', அப்பா 'பெற்றுக்கொண்டேன்'. இந்தப் படிவம் பிள்ளையின் கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். இரண்டாம் கையெழுத்துக்கும் மூன்றாம் கையெழுத்துக்கும் நடுவே பிள்ளை கம்பெனியின் கையில். நாலு வருஷமாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

அன்று விமானம் தரையில் நின்றதும் எல்லோருடைய போன்களும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. பணிப்பெண் அக்கா தன் போனைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். 'பத்திரமாக இறங்குங்கள், மீண்டும் சந்திப்போம்' என்று சொல்வதற்காக ஒலிவாங்கியை எடுத்தவள், 'பத்திரமாக இறங்குங்கள்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வழக்கம்போல அவள்தான் சுண்டுவின் கையைப் பிடித்து வருகைக் கூடத்துக்குக் கூட்டி வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். லிப்ட் பழுது பார்ப்பவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் சட்டைக் கையில் கிரீஸ். சுண்டுவைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"அக்கா, கையெழுத்து."

அக்கா பேனாவைத் தொடவில்லை. "என்னால முடியாதும்மா. அஞ்சு மணியோட என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

"இப்ப மணி ஆறே முக்கால்."

"அதான் சொல்றேன். ஒண்ணே முக்கா மணி நேரமா நான் சும்மா ஒரு பொம்பளை. உனக்குத் தக்காளிச் சாறு குடுத்ததே தப்பு. இப்ப கம்பெனி பேர்ல கையெழுத்துப் போட்டா உள்ள தள்ளிடுவாங்க." கழுத்தில் கட்டியிருந்த நீலத் துணியை அவிழ்த்து சுண்டுவின் கையில் திணித்தாள். "இதைத் திருப்பித் தரணுமாம். வாங்கறதுக்கு ஆள் யாரும் இல்ல. நீயே வெச்சுக்கோ. இங்கயே நில்லு, யாராவது வருவாங்க."

"யாரு வருவாங்க?"

"செத்த வீட்டுக்கு யாராவது வராம இருப்பாங்களா?" என்று அழுதுகொண்டே போய்விட்டாள்.

வந்தார்கள். முன்னால் வந்தவர் கலைப்பு அதிகாரி. திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்த கம்பெனியைக் கலைத்து, மிச்சம் மீதியைத் திரட்டி, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு போடுவதற்காக நீதிமன்றம் அனுப்பிய மனிதர். பரிசோதனை முடிவைச் சொல்ல வரும் டாக்டர் மாதிரி மெதுவான குரல். அவருக்குப் பின்னால் ஒரு பேரேடும், எண் போட்ட ஸ்டிக்கர் சுருளும் ஏந்திய ஒரு நடுவயது அம்மா. தள்ளுவண்டி வரிசைக்கு முந்நூற்றுப் பதினாலு. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு முந்நூற்றுப் பதினைந்து. சக்கர நாற்காலிக்கு முந்நூற்றுப் பதினாறு. ஓடுவதை விட்டுவிட்டு நின்றதையெல்லாம் அந்த அம்மா ஒட்டிக்கொண்டே வந்தாள்.

சுண்டு பயத்தில் ஆடாமல் அசையாமல் நின்றாள். அதுதான் அவள் செய்த தவறு.

"இது என்னதும்மா?" என்றார் அதிகாரி.

ஸ்டிக்கர் அம்மா கழுத்து உறையைத் திருப்பிப் படித்தாள். "பெற்றுக்கொண்டேன்னு கம்பெனி கையெழுத்து இருக்குங்க. ஒப்படைச்சதுக்கு இல்லீங்க."

"வாங்கியிருக்கு. குடுக்கல. அப்போ யார்கிட்ட இருக்கு?"

"கம்பெனிகிட்டங்க."

"கம்பெனிகிட்ட இருந்தா?"

"சொத்துங்க."

"ஒட்டு."

ஒட்டினாள். முந்நூற்றுப் பதினேழு. நல்ல மனசுக்காரி, உறையின் மேல்தான் ஒட்டினாள், நெற்றியில் ஒட்டவில்லை.

"சார், நான் பொருள் இல்ல சார்," என்றாள் சுண்டு. "அதோ எங்கப்பா நிக்கறாரு."

"யாரையும் பொருள்னு நாங்க சொல்றதே இல்லம்மா. சொத்துன்னுதான் சொல்வோம். அது மரியாதையான வார்த்தை." பேரேட்டைப் பார்த்தார். "நிலை என்னன்னு எழுதியாச்சா?"

"நல்ல நிலைங்க. லேசா நடுக்கம் இருக்கு."

"நடுக்கம் முன்னாடியே இருந்துச்சான்னு கேட்டு எழுது. அப்புறம் நாமதான் சேதப்படுத்தினோம்னு சொல்லுவாங்க."

"இப்பதான் வந்துச்சு," என்றாள் சுண்டு.

"முன்னாடியே இருந்ததுன்னு போடு," என்றார் அதிகாரி.

"என்னை என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம். பத்திரமா வெச்சிருப்போம். புதன்கிழமை ஏலம்."

சுண்டு அப்பா பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா காவலாளியிடம் ஏதோ சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். காவலாளி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ரசீது. அப்பாவிடம் ரசீது இல்லை. பெற்ற பிள்ளைக்கு ரசீது வாங்கிவைக்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் இருந்ததில்லை.

போன் அடித்தது. பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு அப்பா பேசினார். உதடு முதலில் அசைந்தது, குரல் அப்புறம் வந்தது.

"சுண்டு, பயப்படாதே. அப்பா இங்கதான் நிக்கறேன்."

"நம்பர் ஒட்டிட்டாங்கப்பா."

"எதுல?"

"என் மேல."

அப்பா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் மூச்சுக் காற்றில் கண்ணாடி வெள்ளையாகிச் சிறிது நேரம் அவர் முகமே தெரியவில்லை.

அந்தப் போனை வைத்ததும் அடுத்தது அம்மா. "வந்து சேர்ந்துட்டியாடி?"

போன மாதம்தான் அம்மா சொல்லியிருந்தாள்: 'ஒரே ஒரு தடவை ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னு வெச்சுக்கோ, இந்தப் பறக்கற வேலையை அன்னியோட நிறுத்திடுவேன்.' நிறுத்தினால் அப்பாவை எப்போது பார்ப்பது?

"சேர்ந்துட்டேம்மா."

"அப்பாகிட்ட குடு."

"அப்பா... வண்டி எடுக்கப் போயிருக்காரும்மா," என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவி, அடிக்கடி பறப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். கம்பெனி செத்தாலும் வரிசை சாகவில்லை. கண்ணாடிக்கு உள்ளே வைர உறுப்பினர்களுக்குச் சிவப்புக் கம்பளம். அவர்களுக்குப் பின்னால் தங்கம், வெள்ளி. கண்ணாடிக்கு வெளியே, ஒரு சின்ன ஓட்டை போட்ட ஜன்னலில், சாதாரண ஜனம். 'ஒன்றும் கிடையாது' என்ற பதிலை முதலில் கேட்கும் உரிமை வைர உறுப்பினர்களுக்கு என்று பலகை வைக்காத குறைதான்.

அதிகாரி ஒரு தள்ளுவண்டியின் மேல் ஏறி நின்றார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. நானும் இந்தக் கம்பெனியில ரெண்டு தடவை பறந்திருக்கேன், ரெண்டு தடவையும் பெட்டி வரல. இறகுங்கறது பணம் இல்ல. அது ஒரு நம்பிக்கை. நம்பிக்கைக்கு நாங்க பொறுப்பேத்துக்க முடியாது. ஆனா வரிசைக்குப் பொறுப்பேத்துக்கறோம். யாருக்கு முதல்ல, யாருக்குக் கடைசியிலன்னு சட்டம் ரொம்பத் தெளிவா இருக்கு. முதல்ல என் சம்பளம். அடுத்து என் வக்கீலோட சம்பளம். அடுத்து, எங்க ரெண்டு பேர் சம்பளமும் சரியான்னு பார்க்கறவரோட சம்பளம். அப்புறம் வங்கி. அப்புறம் பெட்ரோல் ஊத்தினவங்க, தரை துடைச்சவங்க. கடைசியா நீங்க. கடைசியில நிக்கறதுல ஒரு நிம்மதி இருக்கு. பின்னாடி இருந்து யாரும் தள்ள மாட்டாங்க."

கூட்டத்தில் யாரோ கைதட்டிவிட்டு, எதற்குக் கைதட்டினோம் என்று யோசித்து நிறுத்திக்கொண்டார்கள்.

சுண்டுவுக்குப் பக்கத்தில் ஒரு வைர உறுப்பினர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிகளுக்கு ரப்பர் கையுறை விற்பவர். பன்னிரண்டு லட்சம் இறகு. "இருபத்திரண்டு வருஷம்மா," என்றார். "என் பொண்ணு பொறந்தப்ப நான் முப்பத்தையாயிரம் அடி உயரத்துல இருந்தேன். ரெண்டாயிரம் இறகு கிடைச்சுது. ஓய்வு வாங்கின அன்னிக்கு வீட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டு உலகத்தையே சுத்திடலாம்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் சமாதானப்படுத்தி வெச்சிருந்தேன். இப்ப வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். கழுத்து உறையில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு கணக்கு ஓடியது.

"சார்! இறகுக்குப் பதிலா சொத்தாவே எடுத்துக்கலாமா?"

"எழுதிக் குடுத்தா பரிசீலிக்கலாம்," என்றார் அதிகாரி.

"வைரத்துக்கு முதல் தேர்வு உண்டா?"

"அது மரபுதான்."

வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின. நாலு பேர் சுண்டுவைச் சுற்றி நின்றார்கள். கெட்டவர்கள் இல்லை. ஏமாந்தவர்கள். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. "கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?" என்றார் ஒருவர். "எங்க கடைக்கு ஒரு ஆள் தேவைப்படுது," என்றாள் ஒரு தங்க அட்டைக்காரி, நயமாக. "நாலு பேர் சேர்ந்து எடுத்தா வாரத்துக்கு ஒருத்தர்னு முறை வெச்சுக்கலாம்," என்று இன்னொருவர் யோசனை சொன்னார்.

"நானும் தங்க உறுப்பினர்தான்!" என்று கத்திவிட்டாள் சுண்டு. அட்டையை எடுத்து நீட்டினாள். "எனக்கும் நாற்பத்தோராயிரம் இறகு வரணும். நானும் கடன் குடுத்தவதான்."

அதிகாரி வெகுநேரம் அட்டையைப் பார்த்தார். "சிக்கல்தான். ஆனா சட்டம் இதுக்கும் வழி வெச்சிருக்கு. ஒரு சொத்து, சொத்து மேலயே உரிமை கோர முடியாது. உன் இறகெல்லாம் உன்னோட சேர்ந்ததுதான். உன்னை எடுக்கறவங்களுக்கு அதுவும் போகும்."

"அப்ப இன்னும் நல்லது," என்றார் கையுறைக்காரர்.

ஜன்னலுக்கு வெளியே கூச்சல் ஏறியது. டோக்கன் கொடுக்க ஆள் இல்லை. புகார் எழுத ஆள் இல்லை. அதிகாரி நெற்றியைத் துடைத்தார். சுண்டுவுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

"சார், எனக்கு இந்தக் கம்பெனி படிவம் எல்லாம் மனப்பாடம். நாலு வருஷமா பார்க்கறேன். நான் எழுதித் தரட்டுமா?"

"ஊழியர்தான் எழுதணும்."

"என்னை ஊழியரா வெச்சுக்கோங்க."

அதிகாரிக்கு அது பிடித்திருந்தது. சும்மா கிடக்கும் சொத்தைப் பயன்படுத்தினால் நீதிமன்றம் பாராட்டும். "தற்காலிக ஊழியர்," என்று எழுதினார். "எண் புதுசா வேண்டாம். ஏற்கெனவே இருக்கு."

சுண்டு நீலத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கவுண்டருக்குள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு கழுத்து உறையிலிருந்த படிவத்தை உருவி, 'ஒப்படைத்தேன்: கம்பெனிக்காக' என்ற இடத்தில் தன் பெயரைக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் ஒரு கை தோளுக்கு மேலாக வந்து படிவத்தை எடுத்துக்கொண்டது.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றார் அதிகாரி. குரலில் கோபமே இல்லை. "ஊழியரும் சரிதான். ஆனா அஞ்சு மணிக்கு மேல எந்தச் சொத்தையும் நகர்த்தக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த மூணாவது நிமிஷமே கம்பெனிச் சொத்தைக் கடத்தப் பார்த்திருக்கே. முதல் எச்சரிக்கை." படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

இப்போது அவளை அப்பாவிடம் சேர்க்க ஒரு காகிதம்கூட இல்லை.

டோக்கன் கொடுத்தாள். புகார் எழுதினாள். தேனிலவுக்கு வாங்கிய டிக்கெட், வேலைக்கான நேர்காணல், மூன்று வருஷமாகப் பார்க்காத மகன். ஒவ்வொருவரும் அவளைத்தான் திட்டினார்கள். "எத்தனை வருஷமாடி ஏமாத்தினீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது, "நாலு வருஷம்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"அடுத்தவர்."

ஜன்னல் ஓட்டையில் கிரீஸ் படிந்த விரல்கள் தெரிந்தன. சாதாரண வரிசையில் நின்று, முறைப்படி முப்பத்தெட்டாவது ஆளாக, அப்பா வந்திருந்தார்.

முதுகுக்குப் பின்னால் அதிகாரியின் மூச்சு கேட்டது. "என்ன புகார்?" என்று கேட்டாள் சுண்டு.

"அனுப்பின இடத்துல இருந்து ஒண்ணு வந்து சேரலீங்க."

"என்ன அது?"

"பொண்ணு. நாலடி பத்தங்குலம். வலது முழங்கால்ல தழும்பு. தூக்கத்துல பேசுவா." அப்பா ஜன்னல் ஓட்டைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார். "இருட்டுல தனியா விட்டா பயந்துக்குவா."

எழுதினாள். எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. உதட்டை மட்டும் அசைத்து, "புதன்கிழமைப்பா," என்றாள்.

அப்பாவின் கண் ஜன்னலுக்கு மேலே போயிருந்தது. லிப்ட் வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: எங்கே போனாலும் முதலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிப்பார்கள். படிக்காதவர்கள் அந்தத் தொழிலில் ரொம்ப நாள் இருப்பதில்லை. அப்பா கண்ணாடியில் ஒட்டியிருந்ததை ஒரு தடவை படித்தார். அப்புறம் காவலாளியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் படிங்க."

காவலாளி படித்தான். "'மாலை ஐந்து மணி முதல் கம்பெனி ஊழியர் அனைவரும் நீக்கப்படுகிறார்கள். வளாகத்துக்குள் காணப்படும் ஊழியர் எவரும், காரணம் கேட்காமல், உடனே வெளியேற்றப்படுவர்.' ஆமா. அஞ்சு மணியிலேருந்து நாற்பத்தொரு பேரை வெளிய தள்ளியிருக்கேன். மேனேஜரையே தள்ளினேன்."

"ஒண்ணு பாக்கி வெச்சுட்டீங்களே," என்று அப்பா ஜன்னலுக்குள் கையைக் காட்டினார். "நீலத் துணி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு பாருங்க."

காவலாளியின் முகம் கறுத்தது. வேலையில் குறை வைத்தான் என்று யாரும் அவனை இதுவரை சொன்னதில்லை. இரண்டே எட்டில் உள்ளே வந்து சுண்டுவின் முழங்கையைப் பிடித்தான். அவள் அலறிவிட்டாள். அப்பா செய்த வேலை என்று அவளுக்குத் தெரியாது; ஏலத்துக்குத்தான் கூட்டிப்போகிறான் என்று நினைத்தாள்.

"விடுய்யா, அது நான் நியமிச்ச ஆள்," என்றார் அதிகாரி.

"அறிவிப்புலயும் நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அதிகாரி யோசித்தார். தன்னுடைய இரண்டு கையெழுத்துகள் ஒன்றோடொன்று சண்டை போடும் நிலைமை அவருக்கு இதற்கு முன்னால் வந்ததில்லை. "எது முந்தினதோ அதுதான் செல்லும்," என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். கொள்கைக்காரர். "வெளியேத்து. ஆனா முறைப்படி நீக்க உத்தரவு குடுத்து அனுப்பு."

ஒன்றரை மணி நேரமாக ரசீது இல்லாமல் திறக்காத கண்ணாடிக் கதவு திறந்தது. காவலாளி அவளை முதுகில் கைவைத்துத் தள்ளி, உத்தரவுக் காகிதத்தைப் பின்னாலேயே எறிந்தான். அப்பா அவளை அப்படியே வாரி அணைத்துக்கொண்டார். அவர் நெஞ்சு லிப்ட் மோட்டார் மாதிரி அடித்துக்கொண்டது. "மன்னிச்சுக்கோ சுண்டு, மன்னிச்சுக்கோ. வேற வழி தெரியல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு காகிதத்தைப் பார்த்தார். கடைசி வரியில் சிரித்துவிட்டார். 'நீக்கப்பட்ட ஊழியர், தம் வசமுள்ள கம்பெனிச் சொத்து எதையும் ஏழு நாளுக்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும். தவறினால் திருட்டு வழக்குத் தொடரப்படும்.'

சுண்டு சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள் ஸ்டிக்கர் அம்மா பேரேட்டை வைத்துக்கொண்டு மறுபடி எண்ணிக்கொண்டு வந்தாள். முந்நூற்றுப் பதினைந்து. சக்கர நாற்காலியைத் தொட்டாள், முந்நூற்றுப் பதினாறு. அடுத்த அடியில் கை வெறுங்காற்றைத் தொட்டது. தலையைத் தூக்கினாள்.

"அப்பா, ஓடுங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடினார்கள். வேனின் பின்பக்கம், கம்பி வடச் சுருள்களுக்கும் கிரீஸ் டப்பாக்களுக்கும் நடுவே சுண்டு படுத்துக்கொண்டாள். அப்பா தார்ப்பாயை இழுத்து மூடினார். வெளியேறும் வழியில் குறுக்குக் கட்டை இறங்கியிருந்தது.

"உள்ளேருந்து போன்," என்று ஒரு குரல் கேட்டது. "சொத்து ஒண்ணு காணோமாம். முந்நூத்திப் பதினேழு. வண்டியில கம்பெனி சாமான் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. லிப்ட் சாமான்தான்."

பின்கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் தார்ப்பாயின் ஓட்டைகள் வழியே ஊசி ஊசியாக இறங்கியது. சுண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கும்னு சொன்னாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"அசையும் சொத்தாம். அவ்வளவுதான் சொன்னாங்க."

வெளிச்சம் ஒரு முறை தலையிலிருந்து கால் வரை போய்த் திரும்பி வந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. கதவு சாத்தப்பட்டது. கட்டை மேலே ஏறும் சத்தம் கேட்டது.

வெகுதூரம் வந்த பிறகு அப்பா சொன்னார், "எழுந்திரு சுண்டு. வெளிய வந்துட்டோம். பெரிய சாலைக்கே வந்துட்டோம்."

சுண்டு எழுந்திருக்கவில்லை. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மூன்றும் ஒன்றும் வந்துவிட்டன, ஏழு வரவில்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

"ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட எப்படிப் போவேன்?"

எங்கே திரும்புவது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. திருப்பமே இல்லாத நேர்ச் சாலையில், வண்டியின் இடது பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டார். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.